சைக்கிளில் போன பிறந்த வீடு

பெங்களூரில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. நிமிஷத்தில்தான் சொல்வார்கள், அதையும் பொய்யாகச் சொல்வார்கள். "இருபது நிமிஷத்துல வந்துடறேன்" என்று ஒருவர் போனில் சொன்னால் அவர் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். நானும் இந்த ஊரில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன்தான், நிறையச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு இருபது நிமிஷத்தைப் பற்றி இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை என் அக்காவிடம் ஒரு வருஷம் முழுக்கச் சொன்னேன்.

மல்லிகா அக்கா என்னைவிட ஒன்பது வயது பெரியவள். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்தவர்கள் நாங்கள். சுரங்கம் மூடும் காலத்தில் மற்றவர்களைப் போல நாங்களும் ரயிலேறி வந்து பெங்களூரிலேயே தங்கிவிட்டோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அந்த லைன் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அக்கா கல்யாணமாகி சாந்தி நகரில் இருந்தாள், நான் தொம்மலூரில். நடுவில் எட்டு கிலோமீட்டர். (நிமிஷத்தில் கேட்காதீர்கள்.)

நாற்பத்தோராவது வயதில் ஒரு டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரையைக் கண்டுபிடித்து, "நடங்க, இல்லன்னா சைக்கிளாவது ஓட்டுங்க" என்றார். நடப்பதற்குச் செலவே கிடையாது என்பதால் எனக்கு அதில் மரியாதை வரவில்லை. இருந்த ஸ்கூட்டரை விற்றுவிட்டு கியர் வைத்த சைக்கிள் வாங்கினேன். அதோடு ஹெல்மெட், கையுறை, உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான கறுப்பு அரைக்கால்சட்டை எல்லாம் வந்தன. ஆபீஸில் ஒரு சைக்கிள் குழு இருந்தது. அவர்கள் எல்லோருக்கும் கண்ணைக் குத்தும் மஞ்சளில் ஒரு சட்டை கொடுத்தார்கள். முதுகில் பெரிய எழுத்தில் 'என்ஜாய் தி ரைடு' என்று போட்டிருக்கும். இந்தச் சட்டை பிறகு வரும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோலத்தில் ஒரே ஒரு முறை அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் கதவைத் திறந்து, மேலிருந்து கீழே பார்த்து, இடுப்புக்குக் கீழே வந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாடா இது, ஜட்டியோட ரோட்டுல வந்துகினு கீற?"

"சைக்கிள் ஓட்டறதுக்குன்னே தெச்சதுக்கா."

"இது போட்டாத்தான் சக்கரம் சுத்துமா? மொதல்ல உள்ள வா, எதுர் ஊட்டுக்காரங்க பாக்கறாங்க."

உள்ளே தள்ளி, மாமாவின் லுங்கி ஒன்றைக் கொடுத்துக் கட்டச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் காபி வந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர் ஏகாம்பரம், பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் திறந்து பேசுவது அபூர்வம். அன்று அவரே சிரித்தார். அவர்களுடைய ஒரே மகள் ரேகா போட்டோ எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம்தான் எங்கள் பக்கத்தில் சாக்கடையாக ஓடும் ராஜகால்வாய் ஓரமாகப் புதுப் பாதை திறந்தார்கள். அதுவரை அந்தக் கால்வாய் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இப்போது இரண்டு பக்கமும் கல் பாவி, கம்பி வேலி போட்டு, கல்வாழைச் செடி நட்டு, உட்கார பெஞ்சும் வைத்துவிட்டார்கள். தண்ணீர் பச்சையாகத்தான் ஓடியது, ஆனாலும் கொக்கு வந்து நின்றது. ஈஜிபுராவில் ஏறினால் சிக்னல் தொந்தரவே இல்லாமல் நேராக அக்கா வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இறங்கிவிடலாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றே போன் போட்டேன்.

"அக்கா, இனிமே வாராவாரம் ஞாயித்துக்கெழம உங்க ஊட்லதான் டிபன். கால்வா ஓரமா வந்தா இருபது நிமிஷம்."

"வா. ஆனா வரப்போ பேன்ட் போட்டுகினு வா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் குழு நந்தி மலைக்குக் கிளம்பியது. அடுத்த ஞாயிறு ஹெசரகட்டா ஏரி. அதற்கடுத்தது எனக்கே மறந்துவிட்டது. ஒவ்வொரு மலையிலும் ஏரிக்கரையிலும் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுவேன். அக்கா எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைப் போடுவாள். ஒரு முறை மட்டும் குரலில் பேசி அனுப்பினாள். "எங்க ஊடு அந்த மலைமேல இருக்குதுன்னு நெனச்சிக்கோ பாபு, வந்துடுவ." கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தாள். நானும் சிரித்தபடி கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் கன்பார்ம்" என்று அனுப்பினேன்.

பொங்கலுக்கு அக்காவுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது அப்பா காலத்திலிருந்து உள்ள வழக்கம். அந்தப் பொங்கலுக்கு எனக்கு ஆபீஸில் ஏதோ தலைபோகிற வேலை. (என்ன வேலை என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.) போனிலேயே ஒரு சேலையைப் பார்த்து, ஆர்டர் போட்டு, அவள் விலாசத்துக்கே அனுப்பிவிட்டேன். சாயங்காலம் கூப்பிட்டேன்.

"வந்துச்சுடா பார்சல்" என்றாள்.

கலர் பிடித்ததா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ரேகா போன் செய்தாள். அக்கா எழுந்து பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

என் மனைவி கலா பையனைக் கூட்டிக்கொண்டு உடனே ஆட்டோவில் கிளம்பினாள். என்னால் கிளம்ப முடியவில்லை. எங்கள் ஜனங்களில் கல்யாணமான பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். கடையில் மடித்த மடிப்புக் கலையாமல், தண்ணீர் படாமல், புதுசாக இருக்க வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைக் கையில் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் எடுக்க மாட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நான் ஒருத்தன்தான். துணிக்கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். மின்மயானத்தில் இரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், அதை விட்டால் மறுநாள்தான்.

சித்தப்பா மகன் முரளி கூப்பிட்டான். "அண்ணா, நான் பைக்ல வந்து கூட்டினு போறேன்."

"வேணாம்டா. கால்வா ஓரமா வந்தா இருபது நிமிஷம்" என்றேன்.

வாயில் அது தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஒரு வருஷமாக அக்காவுக்குச் சொல்லி, ஒரு நாள்கூடப் போகாத வழி. இன்றைக்காவது அந்த வழியில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டது. துக்கத்தில் மனிதனுக்குப் புத்தி எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. என்னுடையது சைக்கிளில் போனது.

கடையில் நான்தான் முதல் ஆள். அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்ட சேலை கேட்டேன்.

"யாருக்கு சார்?" என்றாள் விற்பனைப் பெண்.

"அக்காவுக்கு."

"எந்த ஃபங்ஷனுக்கு? கிப்ட் பேக் பண்ணட்டா?"

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் பாவம், சேலையை அட்டையோடு ஒரு கனமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை மிஷினில் வைத்து ஒட்டி, அதன்மேல் ஒரு துணிப்பை போட்டுக் கொடுத்தாள். "அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும் சார்" என்றாள்.

வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினால் செயினில் மாட்டும். அதனால் அந்தக் கறுப்பு அரைக்கால்சட்டையையும், கைக்கு முதலில் அகப்பட்ட மஞ்சள் சட்டையையும் போட்டுக்கொண்டு, வெள்ளை வேட்டியையும் சட்டையையும் முதுகுப்பையில் திணித்துக்கொண்டேன். அக்கா வீட்டுத் தெரு முனையில் மாற்றிக்கொள்வதாகத் திட்டம். சேலைப்பையை ஹேண்டில்பாரில் மாட்டினேன். பதினொன்றரைக்குக் கிளம்பினேன். ஒரு பிறந்த வீடே ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனது.

ஈஜிபுராவில் பாதையில் ஏறியதுமே காவலாளி விசில் ஊதினார். "தள்கொண்டு ஹோகி சார்" என்றார் கன்னடத்தில். தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் குழந்தைகள் நடக்கிறார்களாம். சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று கன்னடத்திலேயே சொன்னேன். அவர் என் மஞ்சள் சட்டையைப் பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார், நம்பவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய், அவர் திரும்பியதும் ஏறிக்கொண்டேன்.

பாதை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நிழல், காற்று, ஒரு சிக்னல் கிடையாது. கல்வாழை பூத்திருந்தது. ஒரு பெஞ்சில் வயதான இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். மிதிக்க மிதிக்க தூரம் குறைந்துகொண்டே வந்தது. உண்மையிலேயே இருபது நிமிஷம்தான் ஆகும்போல. நான் பொய் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, வழி தூரம் என்று ஒரு சாக்காவது இருந்திருக்கும். ஓட்டிக்கொண்டே அழுதேன். எதிரில் ஓடிவந்த ஒருவர் என் முதுகைப் படித்தாரோ என்னவோ, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

பாதி வழியில் ஒரு பாலத்துக்கு முன்னால் மஞ்சள் நாடா கட்டி, வேலை நடக்கிறது, ரோடு வழியாகச் சுற்றிப் போகவும் என்று கன்னடத்தில் பலகை வைத்திருந்தார்கள். எனக்குக் கன்னடம் நன்றாகப் படிக்கத் தெரியும். நன்றாகப் படித்தேன். படித்துவிட்டு நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். அக்காவின் தெரு அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது.

பாலத்துக்கு அடியில் கல் பாவவில்லை. கம்பி வேலியும் இல்லை. அந்த நேரம் பார்த்து ரேகா போன் செய்தாள். ஒரு கையால் எடுத்தேன்.

"எங்க இருக்க மாமா? அம்மாவக் குளிப்பாட்டிட்டாங்க. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கறாங்க."

"வந்துட்டேம்மா, இதோ வந்து…"

முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். போன் பாதையிலேயே பத்திரமாக விழுந்து, அதிலிருந்து "மாமா, மாமா" என்று ரேகாவின் குரல் வந்துகொண்டிருந்தது. சேலைப்பை மட்டும் கால்வாய்க்குள் போய்விட்டது.

எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குள் போகவில்லை. ஓரமாகத் தேங்கியிருந்த கறுப்புச் சேற்றில் பாதி புதைந்து நின்றது. சுவரில் இரும்புப் படிகள் பதித்திருந்தார்கள். இறங்கினேன். கடைசிப் படி வழுக்கி, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தேன். முதுகுப்பையில் இருந்த வெள்ளை வேட்டியும் என்னோடு சேர்ந்து உட்கார்ந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது ஒரு கால் ஷூ வரமாட்டேன் என்றது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

மேலே ஏறி வந்து பார்த்தால் துணிப்பை கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சேலை என்ன ஆயிற்றோ என்று துணிப்பையைக் கிழித்தேன். பிளாஸ்டிக் கவரெல்லாம் சேறு. கை வழுக்கியதால் கவரைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். சேற்றுக் கையாலேயே சேலையை வெளியே இழுத்தேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் கால்வாயைப் பார்த்தபடி சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒரு வாசலில் பச்சை நைட்டி போட்டு, தோளில் துண்டு போட்ட ஒரு அம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஏண்ணா, அடி கிடி பட்டுச்சா?"

"சேல… சேறு பட்டுடுச்சும்மா. அவசரமாப் போகணும்."

"யார் சேல?"

"அக்காவுக்கு."

"அவ்ளோதானே. ஏன் பேஜார் பண்ணிக்கிறீங்க? இப்படிக் குடுங்க."

வாங்கிக்கொண்டு போய், நீல டிரம்மைத் திறந்து, பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரை எனக்காக மூன்று பக்கெட் செலவழித்து, சோப்புத் தூள் போட்டு, வாசனைத் தண்ணீரிலும் ஒரு முறை முக்கி எடுத்தார். பிழியும்போது எதையோ யோசித்துக்கொண்டு சேலையை விரித்துப் பார்த்தார்.

"அண்ணா, இதுல சேறு பட்டது மேல ஒரு எடத்துலதான். அதுவும் கை அச்சு. உள்ளயெல்லாம் சுத்தமா இருந்துச்சே. கவர்ல ஒட்டியிருந்தாங்களா?"

எனக்கு அப்போதுதான் கடைப் பெண் மிஷினில் வைத்து ஒட்டியது ஞாபகம் வந்தது. கால்வாய் அந்தச் சேலையைத் தொடவே இல்லை. கவரை அப்படியே துடைத்துக்கொண்டு போயிருந்தால் போதும். சேறு பூசியது நான், நனைக்கக் கொடுத்ததும் நான்.

"இன்னா விசேஷம் அக்காவுக்கு?" என்றார் அந்த அம்மா, பிழிந்துகொண்டே.

சொன்னேன்.

அவர் கை நின்றுவிட்டது. "அண்ணா, முன்னாடியே சொல்லக்கூடாதா? கோடின்னா தண்ணி படக்கூடாதே" என்றார். என்னைவிட அவருக்கு அதிகமாக அழுகை வந்தது. நனைந்த சேலையை மடித்து, அவர் வீட்டிலிருந்து ஒரு புதுப் பையை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். காலில் இருந்த சேற்றை அவரே தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வேட்டியைப் பிரித்துப் பார்த்து, "இது ஆகாது, இப்படியே போங்க. அக்காதானே, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

முன்சக்கரம் கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒன்றே கால் மணிக்கு அக்கா வீட்டுத் தெருவில் நுழைந்தேன். மஞ்சள் சட்டை, இறுக்கமான அரைக்கால்சட்டை, ஒற்றைக் கால் ஷூ, ஹெல்மெட், கையில் சொட்டும் பை. கால்வாய் வாசனை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் தானாக நிறுத்திவிட்டார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், "சாவு ஊட்ல யார்ப்பா சாப்பாடு ஆர்டர் போட்டது?" என்று கேட்டார்.

டெலிவரி ஆள் என்று நினைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இன்னொருவர் எழுந்து வந்து என் கைப்பையை வாங்கப் பார்த்தார். "நான் தம்பி" என்றேன். "தெரியுதுப்பா தம்பி, ஊடு மாறி வந்துட்ட" என்றார். கலா ஓடிவந்து, "ஐயோ, இவர்தாங்க அவங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். என் பையன் அப்பா என்று கூப்பிடாமல் முரளிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

உள்ளே கூடத்தில் அக்காவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. அவள் கண்ணைத் திறந்து மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிடுவாளோ என்று இருந்தது.

ஏகாம்பரம் மாமாவின் அக்கா சரோஜாம்மா தலைமாட்டில் நின்றிருந்தார். அந்த வீட்டில் சடங்கென்றால் அவர் வைத்ததுதான் சட்டம். "கோடி வந்துச்சா?" என்று கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன். எடுத்துப் பார்த்தார். பூ வாசனை சோப்பு மணக்க, கசங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது சேலை.

"என்னப்பா இது?"

"கால்வாயில விழுந்துடுச்சு. தொவச்சு எடுத்துகினு வந்தேன்."

கூடத்தில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"தொவச்ச துணிய எப்பிடிப்பா கோடின்னு போடறது?" என்றார் சரோஜாம்மா. கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. "என் தம்பி பொண்டாட்டி இருபத்தஞ்சு வருஷம் இந்த ஊட்ல இருந்தா. அவளப் பொறந்த ஊட்டுத் துணி இல்லாம அனுப்பச் சொல்றியா?"

மணி ஒன்றரை. வேறு வாங்க நேரமில்லை. அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அம்மா அப்பாவுக்குப் பிறகு அவளுக்கென்று இருந்தவன் நான். என்னிடம் அவளுக்கு இருந்த கடைசி வேலை ஒரு சேலை கொண்டுவந்து போடுவது. அதையும் கெடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ரேகா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பழுப்புநிறப் பார்சல் இருந்தது. டேப் ஒட்டியது ஒட்டியபடி, விலாசச் சீட்டு கசங்காமல். சீட்டில் அனுப்பியவர் என்ற இடத்தில் என் பெயர்.

"பொங்கலுக்கு நீ அனுப்பினது" என்றாள்.

"பிரிக்கவே இல்லையா?"

"பிரிக்கல. நான் எத்தன தடவ கேட்டேன். இருக்கட்டும்டி, ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லியிருக்கான், அவன் கையால குடுக்கட்டும், அப்புறம் பிரிக்கலாம்னு வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் காலைல பீரோவுல இருந்து எடுத்து டீவி மேல வெப்பாங்க. சாயங்காலம் உள்ள வெச்சுடுவாங்க."

அதை அவள் அழாமல் சொன்னாள். பார்சலை என் மடியில் வைத்தாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமதான். இப்ப குடு மாமா."

எனக்கு டேப்பைப் பிரிக்க வரவில்லை. ஏகாம்பரம் மாமா தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சாவிக்கொத்தால் கீறிக் கொடுத்தார். உள்ளே மாம்பழ மஞ்சளில் ஊதாக் கரை போட்ட சேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் போன் திரையில் பார்த்தது. கையில் தொட்டது அன்றுதான் முதல் முறை. மடிப்புக் கலையாமல், தண்ணீர் படாமல், கடையிலிருந்து வந்தபடி இருந்தது. சரோஜாம்மா அதைத் தடவிப் பார்த்தார். விலகி எனக்கு வழி விட்டார்.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். போர்த்தினேன். கலர் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். மஞ்சள் சட்டையோடுதான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். யாரோ ஒரு லுங்கியை நீட்டினார்கள், அவள் கட்டச் சொல்கிறாள் என்று தோன்றியது, வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு மணிக்கு மின்மயானத்தில் இருந்தோம்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது துணி எடுத்துக்கொண்டு வந்தால் "தண்ணி கிண்ணி பட்டுச்சா?" என்று கேட்பது இப்போது ஒரு சம்பிரதாயம். போன மாதம் ரேகாவுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் தட்டு என்னுடையது. சேலைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழு பேன்ட் போட்டுக்கொண்டு, காரில்தான் போனேன். மண்டபத்து வாசலில் சரோஜாம்மா நின்று, நூறு பேர் பார்க்க, தட்டிலிருந்த சேலையை நிதானமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காஞ்சுதான் இருக்குது, உள்ள விடுங்க" என்றார். மண்டபமே சிரித்தது. ஏகாம்பரம் மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், அப்புறம் கைகழுவும் இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த அரக்குச் சிவப்புச் சேலையை அன்றைக்கு யாரோ மொட்டைமாடிக் கொடியில் உலர்த்தியிருந்தார்கள். ரேகா எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டவும் செய்கிறாள். மழை நாளில் லேசாகக் கால்வாய் வாசனை வருகிறது என்று என்னை வம்புக்கு இழுப்பாள்.

இப்போது வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பாதையில்தான் போகிறேன். (பேன்ட் போட்டுக்கொண்டு.) பாலத்தடியில் கல் பாவி, வேலியும் போட்டுவிட்டார்கள். ஆனாலும் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். பச்சை நைட்டி அம்மா வாசலில் இருந்தால், "அண்ணா, இன்னிக்கு ஏதாவது தொவைக்கணுமா?" என்பார். இல்லைம்மா என்பேன். எங்கும் நிற்காமல் ஓட்டினால் இருபது நிமிஷம், சில நாள் பத்தொன்பது.

எதைக் கொண்டுபோனாலும், மிக்சர் பாக்கெட்டோ, மாமாவுக்கு மாத்திரையோ, ரேகா வாசலிலேயே என் கையிலிருந்து வாங்கி, நின்ற இடத்திலேயே கிழித்துப் பிரித்துவிடுவாள். "இரும்மா, ஹெல்மெட்டையாவது கழட்டிக்கறேன்" என்றால் கேட்பதில்லை.

"நீ உள்ள வா மாமா" என்பாள். "நீ குடுத்தத மூடி வெக்கறது இனிமே இந்த ஊட்ல கெடையாது."